லீஸ் முடிந்துவிட்டது என்று கராஜைக் காலி செய்துவிடாதீர்கள்

கிழக்கு லண்டன் ஃபிஷ் ஐலண்டில் 2008 முதல் கார் கராஜ் நடத்தும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பத்து வருட லீஸ் 2018இல் முடிந்தது, அதன்பின் புதிதாக எதுவும் எழுதவில்லை, வாடகை மட்டும் மாதாமாதம் போகிறது. இப்போது கட்டடத்தை இடித்து ஃபிளாட் கட்டப்போவதாக உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். "2012 லண்டன் ஒலிம்பிக்குக்காக வெளியேற்றப்பட்ட தொழில்களுக்கு இழப்பீடு கொடுத்தார்களே, எனக்கும் கிடைக்குமா? இல்லை, லீஸ் இல்லாததால் வெறுங்கையோடு போக வேண்டியதுதானா?"

அண்ணா, வெறுங்கையோடு போகிற பேச்சை முதலில் விடுங்கள். முடிந்தது காகிதத்தில் இருந்த தேதிதான். இங்கிலாந்தில் கடை, கராஜ் மாதிரியான இடங்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நீங்கள் அங்கே தொழில் நடத்தும்வரை பழைய லீஸ் அதே நிபந்தனைகளோடு தானாகவே தொடரும். ஆனால் 2008இல் கையெழுத்துப் போடும்முன் 'இந்தச் சட்டப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது' என்று எச்சரிக்கைக் கடிதம் தந்து, அதற்கு உங்களிடம் உறுதிமொழியும் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. பழைய ஃபைலை எடுத்து அதை இன்றைக்கே பாருங்கள்.

ஒலிம்பிக் கதையோடு இதை ஒப்பிட முடியாது. கால்வாய்க்கு அந்தப் பக்கம், மார்ஷ்கேட் லேன் சுற்றுவட்டாரத்தில் இருந்த 200க்கும் மேற்பட்ட தொழில்கள் 2007 வாக்கில் வெளியேறியபோது, நிலத்தை எடுத்தது ஓர் அரசு அமைப்பு, அதுவும் கட்டாயக் கையகப்படுத்தலில். அதில் இடம் மாறும் செலவு, தொழில் நஷ்டம் எல்லாம் கேட்கலாம். இப்போது ஸ்டேடியம் நிற்கிற இடத்தில் சால்மன் மீனைப் புகைபோட்டுப் பதப்படுத்திய ஃபோர்மன் நிறுவனம்கூட அப்படித்தான் உங்கள் ஃபிஷ் ஐலண்டுக்கு வந்து சேர்ந்தது. உங்கள் விஷயத்தில் எதிரே நிற்பது தனியார் உரிமையாளர். அதனால் 1954 சட்டம் தருவதுதான் உங்களுக்கு.

அது குறைவில்லை. இடிப்பதுதான் காரணம் என்றால், இடத்தின் ரேட்டபிள் வேல்யூ, அதாவது வியாபார வரி போடுவதற்காக அந்த இடத்துக்குக் கணித்து வைத்திருக்கும் ஆண்டு வாடகை மதிப்பு, அந்த அளவுக்கு இழப்பீடு. 14 வருடம் தொடர்ந்து தொழில் செய்திருந்தால் அதன் இரண்டு மடங்கு. உதாரணத்துக்கு மதிப்பு 18,000 பவுண்டு என்றால் உங்களுக்கு 36,000. 'இழப்பீடு கிடையாது' என்று லீஸில் ஒரு வரி இருந்தால் பயப்பட வேண்டாம், ஐந்து வருடத்துக்கு மேல் அங்கே தொழில் செய்தவரிடம் அந்த வரி செல்லாது. ஆனால் கோபத்தில் சாமானை ஏற்றிக்கொண்டு முன்கூட்டியே பூட்டிவிட்டுப் போய்விடாதீர்கள், கடைசி நாள்வரை தொழில் நடக்கட்டும்.

எனக்குப் பயம் நோட்டீஸில் இருக்கும் தேதியைப் பற்றித்தான். அந்தத் தேதிக்குள் கோர்ட்டில் மனுப் போட வேண்டும், தவறினால் புது லீஸ் கேட்கும் உரிமை போய்விடும். ஒரு டயர் கடைக்காரர் என்னிடம் வந்தபோது நோட்டீஸ் நாலாக மடிந்து எண்ணெய்க் கறையோடு சட்டைப் பையில் இருந்தது, தேதி முடிந்து ஆறு நாள். "கதைத்துப் பார்க்கலாம் என்று உரிமையாளரே சொன்னார்" என்றார். கதைப்பது தேதியைத் தள்ளாது. தள்ள வேண்டுமென்றால் இரண்டு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் தேதி முடியும்முன்.

மனுப் போட்டால் ஜெயித்துவிடுவீர்களா? உண்மையைச் சொன்னால், பிளானிங் அனுமதியும் பணமும் கையில் இருந்தால் அநேகமாக உரிமையாளர்தான் ஜெயிப்பார். உங்களை வெளியே அனுப்புவதற்காகவே போட்ட கட்டடத் திட்டம் செல்லாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் நிஜமாகவே ஃபிளாட் கட்டப்போகிறார் என்றால் அது உங்களுக்கு உதவாது. ஆனால் வழக்கு முடிந்து மூன்று மாதம்வரை லீஸ் தொடரும். ஸ்டேடியமும் பூங்காவும் வந்தபின் மண்ணெல்லாம் பொன்னாகிவிட்ட இடத்தில், கட்ட அவசரப்படுகிறவருக்கு அந்த மாதங்கள் பெரிய காசு. சட்டம் தருவதற்கு மேல் கேட்க உங்களுக்கு இருக்கிற பலமும் அதுதான்.

சரி, நோட்டீஸின் எல்லாப் பக்கத்தையும், அது வந்த உறையோடு சேர்த்துப் படம் எடுத்து, பழைய லீஸையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே வியாபார லீஸ் பார்க்கிற ஒரு சொலிசிட்டரிடம் போங்கள்.