சிறு பிள்ளைகளுடன் முகாமிட எந்தக் கூடாரம்?

கேள்வி: நானும் கணவரும் ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு முதன்முறையாக முகாமிடச் செல்லவிருக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் போகப்போவதில்லை. கூடாரத்தின் அருகிலேயே காரை நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு கூடாரங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று நால்வருக்கானது, எடை குறைந்தது, அலுமினியக் கம்பிகள் கொண்டது, 5000 மி.மீ. நீர்த்தாங்கு திறன் உடையது என்கிறார்கள். மற்றது அறுவருக்கானது, கண்ணாடியிழைக் கம்பி, 2000 மி.மீ., எடை அதிகம், ஆனால் விலை கணிசமாகக் குறைவு. விற்பனையாளர் முதலாவதைத்தான் பரிந்துரைக்கிறார். விலை குறைந்ததை வாங்கிவிட்டுப் பிள்ளைகள் நனைந்துபோவார்களோ என்று அஞ்சுகிறேன். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள், ஆனால் இரண்டு சோதனைகளில் அது தேறினால் மட்டும். அவற்றுக்கு வருமுன், விற்பனையாளர் ஏன் முதலாவதைச் சொன்னார் என்பதைப் பார்த்துவிடலாம். அவர் சொன்ன சிறப்புகள் பொய்யல்ல. ஆனால் அவை முதுகில் சுமந்துகொண்டு மலையேறுபவருக்கான சிறப்புகள். காரிலிருந்து பத்தடி தூரம் தூக்கிச் செல்லப்போகிற உங்களுக்கு எடைக் குறைவால் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம். அதற்கான விலையை மட்டும் முழுதாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் அளவு. "நால்வர் கூடாரம்" என்று உறையில் அச்சிட்டிருப்பதற்கு, நான்கு படுக்கைகளை இடைவெளியின்றி ஒட்டிப் போட்டால் தரை நிரம்பிவிடும் என்பதே பொருள். ஆளுக்கு ஏறத்தாழ 60 செ.மீ. அகலம் என்று கணக்கிட்டு, 240 செ.மீ. அகலமுள்ள தரையை நால்வருக்குப் போதும் என்று சொல்லிவிடுகிறார்கள். பைகளுக்கும், நனைந்த காலணிகளுக்கும், தூக்கத்தில் கடிகாரமுள் போலச் சுற்றிவரும் மூன்று வயதுப் பிள்ளைக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. இட நெருக்கடி வெறும் வசதிக்குறைவு மட்டுமன்று. சுவரை ஒட்டிப் படுப்பவரின் உடலும் போர்வையும் உட்சுவரைத் தள்ளி வெளித்துணியோடு உராய வைக்கும். அங்கே படிந்திருக்கும் ஈரம் நேரே போர்வைக்கு இறங்கும். எனவே குடும்பத்தின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அந்த அளவில் கூடாரம் வாங்குவதே சரியான கணக்கு. நால்வருக்கு அறுவர் கூடாரம். ஏறத்தாழ 3 மீட்டருக்கு 3 மீட்டர் தரை. அதற்கும் பெரிதாக, அறைகள் பிரித்த கூடாரங்கள் கண்ணைக் கவரும். ஆனால் உயரமும் செங்குத்துச் சுவரும் கூடக்கூடக் காற்றை வாங்கும் பரப்பும் கூடுகிறது என்பதால், குறைந்த செலவில் கிடைப்பவற்றில் நான் அவற்றைத் தவிர்ப்பேன். கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவமே போதும். பிள்ளைக்கு உடை மாற்றப் பெரியவர் ஒருவர் நடுவில் நிமிர்ந்து நிற்க முடிந்தால் முதுகு நன்றி சொல்லும். முடியாவிட்டாலும் பெரிய இழப்பில்லை.

இனி அந்த மில்லிமீட்டர் எண். துணியின் மேல் நீரைத் தம்பமாக நிறுத்தி, எந்த உயரத்தில் நீர் துணியைக் கடந்து கசியத் தொடங்குகிறது என்று அளந்து பெறுவது அது. வழக்கமான மழைக்கு மேலுறைத் துணி, அதாவது மழையைத் தடுக்கக் கூடாரத்தின்மேல் போர்த்தும் வெளித்துணி, 1500 மி.மீ. தாங்கினால் போதுமானது, 2000 என்பது தாராளம். தரைத்துணிக்கு மட்டும் 3000 அல்லது அதற்கு மேல் எதிர்பாருங்கள்; ஈர மண்மேல் ஒருவர் முழங்காலை ஊன்றும்போது அந்தச் சிறு இடத்தில் விழும் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தைவிடப் பன்மடங்கு அதிகம். 5000-க்கும் 2000-க்கும் இடையே உள்ள வேறுபாட்டை நீங்கள் மழையில் உணரப்போவதில்லை. கூடாரம் நனைவது பெரும்பாலும் துணி வழியாக அன்று, தையல் வழியாக. ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் நீருக்கு ஒரு வாசல்தான்.

ஆகவே முதல் சோதனை: மேலுறையைப் புரட்டி உட்புறத் தையல்களைப் பாருங்கள். அவற்றின்மேல் மெல்லிய, பளபளப்பான பட்டை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அது முழுவதும் இல்லாமல் சில இடங்களில் மட்டும் விடுபட்டிருந்தால், தையல் அடைப்புப் பசை ஒரு குழாய் வாங்கித் தூரிகையால் பூசி, ஒரு நாள் உலரவிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். பட்டையே இல்லையென்றால் வேறு கூடாரம் பாருங்கள்.

இரண்டாவது சோதனை மேலுறையின் நீளம். குறைந்த விலைக் கூடாரங்களில் பல, உச்சியை மட்டும் மூடும் ஒரு தொப்பியோடு வருகின்றன. படத்தில் அழகாக இருக்கும். காற்றோடு சாய்ந்து வரும் மழையில் பக்கச் சுவர்கள் முழுவதும் நனையும். மேலுறை நாற்புறமும் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரையாவது இறங்க வேண்டும். தரைத்துணி தட்டையாக ஓரத்தில் முடிந்துவிடாமல், தாம்பாளத்தின் விளிம்புபோலச் சுவரில் சற்று ஏறித் தைக்கப்பட்டிருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் உங்கள் அச்சத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

துணி பாலியஸ்டராக இருப்பதே உங்களுக்கு நல்லது. நைலான் ஈரத்தில் சற்றே நெகிழ்ந்து தொய்யும்; பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். கண்ணாடியிழைக் கம்பி பலத்த காற்றில் பிளந்து உடையக்கூடியது என்பது உண்மை. உடைந்த இடத்தின்மேல் நுழைத்துக் கட்டுவதற்கென்றே சிறு உலோகக் குழல் விற்கிறார்கள். அதில் ஒன்றைப் பையில் போட்டுவையுங்கள். பிளவுபட்ட கம்பியைப் பிள்ளைகள் தொடவிடாதீர்கள், சிம்பு கையில் ஏறும்.

மிச்சம் பிடித்த பணத்தில் சிறு பகுதியை முளைகளுக்குச் செலவிடுங்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் கடினமான மண்ணில் முதல் அடியிலேயே வளையும். குறுக்குவெட்டில் மடிப்புள்ள கனமான முளைகள் நிற்கும். இழுகயிறுகள் அடர்நிறத்தில் இருந்தால் மாற்றிவிடுங்கள், அல்லது பளிச்சென்ற துணித்துண்டுகளை அவற்றில் கட்டுங்கள். ஓடியாடும் பிள்ளைகள் தடுக்கி விழுவது எப்போதும் அந்தக் கயிற்றில்தான். கூடாரத்துக்கு அடியில் தார்ப்பாய் விரிப்பதானால் அது கூடாரத்தின் தரையைவிட எல்லாப் பக்கமும் சிறிதே உள்ளடங்கி இருக்க வேண்டும். பெரிதாக விரித்து வெளியே நீட்டிவிட்டால், மேலுறையிலிருந்து வழியும் மழைநீரையெல்லாம் பிடித்து உங்களுக்கு அடியிலேயே தேக்கித் தரும். என் முதல் முகாமில் நான் செய்த அறிவாளித்தனம் அது.

மழையே பெய்யாத இரவுக்குப் பிறகும் உட்புறம் ஈரமாக இருந்தால் கூடாரத்தைப் பழிக்க வேண்டாம். உறங்குபவர்களின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் வெளியேறும் நீராவி குளிர்ந்த துணியில் படிந்து துளியாகிறது. உட்சுவர் வலையாகவும் வெளியுறை தனியாகவும் உள்ள இரட்டைச் சுவர்க் கூடாரம் இதற்காகத்தான்: துளிகள் வெளியுறையின் உட்பக்கமாக வழிந்து தரைக்குப் போய்விடும். மழைக்கு அஞ்சிக் காற்றுத் துவாரங்களை மூடிவிட்டால் இந்த ஏற்பாடு பயனற்றுப்போகும். கொசுவலையின் கண்கள் நெருக்கமாக உள்ளனவா, ஜிப் துணியில் சிக்காமல் ஒரே இழுப்பில் ஓடுகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். வெளிச்சத்தைத் தடுக்கும் இருள்துணிக் கூடாரம் கூடுதல் விலைக்குக் கிடைக்கும். விடிந்தவுடன் எழுந்துவிடும் பிள்ளைகள் உள்ள வீட்டார் அதை விரும்புவார்கள். முதல் முறைக்கு அது தேவையில்லை.

பிள்ளைகளின் பொருட்டு விதிவிலக்கே இல்லாத இரண்டு விதிகள் உண்டு. கூடாரத்துக்குள்ளோ முன்தாழ்வாரத்திலோ அடுப்பு பற்றவைக்கவும், குளிருக்கென்று கரித்தணலை உள்ளே கொண்டுவரவும் கூடாது. தணல் அணைந்ததுபோல் தோன்றினாலும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு தொடர்ந்து வெளியேறும். அதற்கு மணமில்லை, உறங்குபவருக்குத் தெரியவும் தெரியாது. அடுத்தது, பகல் வெயிலில் நிற்கும் கூடாரத்தில் பிள்ளையைத் தூங்கவிட்டு நகரக் கூடாது. உள்ளே வெப்பம் மிக விரைவாக ஏறிவிடும். இரவில் பெரியவர் ஒருவர் வாசலோரம் படுத்துக்கொண்டால், மகன் உறக்கக் கலக்கத்தில் தனியே வெளியேற மாட்டான்.

கூடாரம் வந்ததும் வீட்டு முற்றத்திலோ மொட்டைமாடியிலோ ஒருமுறை முழுதாக நிறுத்தி, கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். ஒழுகினால் திருப்பிக் கொடுக்க அப்போது காலம் இருக்கும். பிறகு நன்றாக உலர்த்தி மடியுங்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் இதே உலர்த்தல் வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிப்பதோடு, நீரைத் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சும் சிதைந்து பிசுபிசுக்கும். பிசுபிசுப்பும் புளித்த நாற்றமும் வந்த பூச்சை மீட்க முடியாது. மேலும் செலவைக் குறைக்க எண்ணி யாரோ பயன்படுத்திய கூடாரத்தை வாங்க நேர்ந்தால், விலையைக் கேட்பதற்கு முன்பே துணியைத் தடவியும் முகர்ந்தும் பார்த்துக்கொள்ளுங்கள்.