ஒரு சைக்கிள் போதாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகம் போய்வர தினமும் 22 கி.மீ. சைக்கிள்தான். ஞாயிறன்று நண்பர்களோடு 60, 70 கி.மீ. போகிறேன். என்னுடையது முன்னால் சஸ்பென்ஷன் வைத்த, தடித்த டயர் வண்டி. அவர்கள் ரோடு பைக்கில், அதாவது மெல்லிய டயர் போட்ட வேக சைக்கிளில் பறக்க, நான் பின்னால் மூச்சிரைக்க மிதிக்கிறேன். புதிதாக வாங்கலாமென்றால், வேலைக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என இரண்டாக வாங்கச் சொல்கிறார்கள். ஒரே வண்டியில் இரண்டும் ஆகாதா?

எம்.

அன்புள்ள எம்.,

ஆகும். நானே அப்படித்தான் ஓட்டுகிறேன், ஒரு தப்புக்குப் பிறகு. ஆசைப்பட்டு 23 மி.மீ. டயர் போட்ட பந்தய வண்டி ஒன்றை வாங்கினேன். முதல் மழையிலேயே சட்டை முதுகில் நெடுக்காக ஒரு சேற்றுக்கோடு. மட்கார்டு மாட்டப் பார்த்தால், டயருக்கும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே சுண்டுவிரல்கூட நுழையவில்லை. கேரியருக்கு ஃப்ரேமில் திருகுத் துளையும் இல்லை. டயர், சீட், ஏன் கியரைக்கூட அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். இந்த இடைவெளியை அப்புறம் உண்டாக்க முடியாது. கடையில் எல்லோரும் வண்டியைத் தூக்கி எடை பார்ப்பார்கள். நீங்கள் முதலில் அங்கே விரலை விட்டுப் பாருங்கள். 32 மி.மீ. டயரும் அதன்மேல் மட்கார்டும் கொள்ள வேண்டும்.

32 என்றால் வேகம் போய்விடுமே என்பீர்கள். பந்தயக்காரர்களே 28 பக்கம் வந்துவிட்டார்கள். சொரசொரப்பான ரோட்டில் கல்லாகக் காற்றடைத்த மெல்லிய டயர் குதித்தே வேகத்தை இழக்கும்.

உங்களைப் பின்னுக்கு இழுப்பதில் டயருக்கும் பங்குண்டு. ஆனால் சமதரையில் 25 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பெரிய எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ள எட்டு மடங்கு சக்தி வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டுகிறீர்கள். அதனால் வளைந்த ஹேண்டில்பாரே என் கட்சி. நெரிசலில் பிரேக் லீவரின் மேல்பக்கம் பிடித்து நிமிரலாம், ஞாயிறன்று கீழே பிடித்துக் குனியலாம். கடையில் 'எண்டூரன்ஸ்' ரகம் என்று கேளுங்கள். அதில் ஹேண்டில் சற்று உயரமாக இருக்கும். மழையிலும் ஓட்டுவதென்றால் டிஸ்க் பிரேக். தினமும் வெளியே பூட்டி வைக்கும் வண்டிக்குக் கார்பன் ஃப்ரேம் எதற்கு? அலுமினியம் போதும்.

அளவு சேராத வண்டியை எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் தொடாதீர்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளினால் கால் நேராக வேண்டும். சீட் உயரத்துக்கு ஆரம்பத்தில் அந்தக் கணக்கு போதும்.

அப்புறம், பையை முதுகில் சுமக்காமல் கேரியரில் மாட்டுங்கள். ஞாயிறன்று கேரியரைக் கழற்ற நாலு திருகுதான். நான் சோம்பலில் கழற்றுவதே இல்லை.