புதைபடிவம் துலக்குவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

கோவையில் ஒரு பவுண்டரியில் இருபது ஆண்டு அச்சு வடித்தவன் நான். இப்போது கல்லூரி நிலவியல் துறை ஒன்றுக்காகப் பாறைக்குள் இருக்கும் புதைபடிவங்களைத் துலக்கிக் கொடுக்கிறேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: உங்கள் கையில் இருக்கும் கல் எந்த ஊரில், எந்த ஓடையில், எந்த நாளில் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி அதனோடு கட்டிவிட்டு உட்காருங்கள்.

சேலத்திலிருந்து: கிணறு வெட்டும்போது பாறைப் பிளவில் பெரணி இலை பதிந்த கல் கிடைத்தது. எப்படிச் சுத்தம் செய்வது?

சுத்தம் செய்ய அதில் எதுவுமில்லை, தம்பி. அது இலையல்ல. பாறை விரிசலில் இறங்கிய நீர் மாங்கனீசு ஆக்சைடைக் கிளை கிளையாகப் படிய வைத்த கோலம். இலையென்றால் நடுநரம்பு இருக்கும், இருபுறமும் ஒழுங்காகச் சிற்றிலைகள் பிரியும். நீங்கள் அனுப்பிய படத்தில் நரம்பே இல்லை, கிளைகள் மனம்போன போக்கில் ஓடுகின்றன. நம் கொங்குப் பாறைகளில் பல ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழையவை. பூமிக்கடியில் வெந்து உருமாறியவை. அப்போது பெரணியும் இல்லை, மரமும் இல்லை. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லும் அப்படி வெந்த கல்தான், அங்கேயும் தேடவேண்டாம். புதைபடிவம் வேண்டுமென்றால் கிழக்கே அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

திருச்செங்கோட்டிலிருந்து: எங்களிடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி இருக்கிறது, அண்ணா. அந்த கம்ப்ரசரை வைத்தே கல்லை உடைத்து எடுக்க முடியாதா?

உங்கள் கம்ப்ரசர் சதுர அங்குலத்துக்கு 250, 300 பவுண்டு அழுத்தத்தில் தள்ளும். எனக்கு வேண்டியது 100 பவுண்டு, அதுவும் கொஞ்சமே காற்று. பல் மருத்துவர் கையில் வைத்திருப்பதைப் போன்ற பேனா ஒன்றுதான் என் முக்கியக் கருவி. உள்ளே சிறு சுத்தி, முனையில் கார்பைடு ஊசி. சில வகைகளில் அது நிமிடத்துக்கு 30,000 தடவைக்கு மேல் அடிக்கும். உங்கள் துளையிடும் பிட்டில் இருக்கும் கார்பைடு பொத்தானுக்கு இது கொள்ளுப் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைப் பிடிக்கும் விதத்தில்தான் வேலையே இருக்கிறது. நேராகக் குத்தக் கூடாது. சாய்த்துப் பிடித்து, பாறையின் ஓரத்திலிருந்து செதில் செதிலாகப் பெயர்க்க வேண்டும். கல்லை மேசைமேல் வைக்காதீர்கள், மணல் நிரப்பிய துணிப்பையில் குழி செய்து குழந்தையைப் போல் கிடத்துங்கள். ஊசி பாறையில் ஓடும்போது மங்கலான சத்தம் வரும். புதைபடிவத்தை நெருங்கும்போது சத்தம் சற்றே கூர்மையாகும். அந்த இடத்தில் காற்றை நிறுத்திவிடுவேன். கடைசி மில்லிமீட்டரைக் கை ஊசியாலும் உருப்பெருக்கியாலும் எடுக்க வேண்டும், அரை நாளில் ஒரு கட்டைவிரல் நகத்தளவுதான் ஆகும்.

முகமூடி போடுங்கள். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, என்-95 வேண்டும். கல் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ரிக்கில் வேலை பார்க்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நாமக்கல்லிலிருந்து: கருங்கல்லில் செடி உருவம் தெரிகிறது. படம் அனுப்பியிருக்கிறேன்.

சேலத்துக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

உடுமலையிலிருந்து ஓர் ஆசிரியை: மாணவர்களோடு அரியலூர் போனபோது ஒரு விவசாயி தன் வயலில் கிடந்த அம்மோனைட் (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிர்) ஒன்றைக் கொடுத்தார். வினிகரில் ஊறவைத்தால் மண் போய்விடும் என்கிறார்கள். சரிதானா?

அம்மணி, வினிகர் பாட்டிலை மூடி வையுங்கள். வினிகரில் இருக்கும் அசிடிக் அமிலத்தால் துலக்கும் முறை உண்மையிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஹாரி டூம்ப்ஸ் அதை வளர்த்தெடுத்தார். ஆனால் அது எலும்புக்கும் மீனுக்கும் உரியது. எலும்பு கால்சியம் பாஸ்பேட், சுற்றியுள்ள பாறை கால்சியம் கார்பனேட். நீர்த்த அமிலம் பாறையைக் கரைத்து எலும்பைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். பிறகு அமிலத்தில் இருந்ததைவிட அதிக நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். உங்கள் அம்மோனைட்டின் ஓடோ கார்பனேட், பொதிந்திருக்கும் பாறையிலும் கார்பனேட். இரண்டையும் அமிலம் ஒன்றாகத்தான் தின்னும். குளியலறை கழுவும் ஆசிட் அதைவிட மோசம். மென்மையான தூரிகை, மூங்கில் குச்சி, பொறுமை போதும். விவசாயியின் ஊர்ப்பெயரைச் சீட்டில் எழுதினீர்களா? சாத்தனூர் கல்மரப் பூங்காவிலிருந்து மட்டும் ஒரு சில்லும் எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

காங்கயத்திலிருந்து, ரத்தினக்கல் பட்டை தீட்டுபவர்: உடைந்த கல்லை ஒட்ட பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின்தான் வேண்டும் என்று போன மாதம் எழுதினீர்கள். முப்பது ஆண்டாக உடனடிப் பசையில்தான் ஒட்டுகிறேன், ஒன்றும் கழன்றதில்லை. இதெல்லாம் வீண் ஆடம்பரம் இல்லையா?

கழலாததுதான் பிரச்சினை, ஐயா. 1990களில் ஓர் அம்மோனைட்டின் வெளிச்சுற்றை உடனடிப் பசையால் ஒட்டினேன். முடியளவு தள்ளி ஒட்டிவிட்டது. கடைசித் துண்டை வைக்கும்போது அந்த முடியளவு அரை மில்லிமீட்டராகி, துண்டு உட்காரவே மறுத்தது. அசிட்டோனில் ஊறவைத்தால் இளகும் என்பீர்கள். கண்ணாடியில் ஒட்டியது இளகும். கல்லின் நுண்துளைக்குள் இறங்கியது நாலு நாள் ஊறியும் இளகவில்லை, ஒட்டின இடம் வெளிறியதுதான் மிச்சம். பாராலாய்டு வேறு மாதிரி. மணிமணியாக வரும் அந்த பிசினை வேட்டித் துணியில் கஷாயச் சரக்குபோல் முடிந்து அசிட்டோன் ஜாடியில் தொங்கவிடுவேன். அடியில் கட்டி பிடிக்காமல் மறுநாள் தேன்போல் இருக்கும். அதையே மிக நீர்க்கக் கரைத்தால் உதிரும் எலும்புக்கு ஊட்டலாம். இருபது ஆண்டு கழித்து ஒருவர் வந்து, நான் ஒட்டியது தவறென்றால், அசிட்டோன் தொட்டுக் கழற்றிக்கொள்வார்.

ஈரோட்டிலிருந்து ஒரு பல் மருத்துவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். காங்கயத்து அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அசிட்டோன் ஆவியாகும்வரை துண்டை யார் பிடித்துக்கொண்டிருப்பது?

மணல் பெட்டி பிடித்துக்கொள்ளும், டாக்டர். ஈர்ப்பு விசை சம்பளம் கேட்பதில்லை.

மீண்டும் காங்கயத்திலிருந்து: ஊசி வேலையின் நடுவில் செதில் ஒன்று எகிறப் போகிறது, அப்போதும் மணல் பெட்டியா?

இங்கே பிடித்துவிட்டீர்கள். மயிரிழை விரிசல், கெட்டியான கல், உடனே பிடித்தாக வேண்டும் என்றால் நானும் மெலிந்த உடனடிப் பசையைத் தொட்டு வைக்கிறேன். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். எலும்பில் மட்டும் தொடமாட்டேன். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்து, 1980களின் இறுதியில் புருகத்காயோசாரஸ் என்று பெயர் பெற்ற டைனோசர் எலும்புகளை நினைத்துப் பாருங்கள். கணைக்கால் எலும்பு (முழங்காலுக்குக் கீழுள்ளது) என்று சொல்லப்பட்டது மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர். அத்தனையும் உதிர்ந்து மண்ணாகிப் போயின, இன்று கையில் இருப்பது வரைபடமும் சில படங்களும்தான். அப்படிப்பட்ட எலும்புக்கு மேலே காகிதம் போர்த்தி, பிளாஸ்டரில் நனைத்த சாக்கைச் சுற்றி, அடிமண்ணோடு பெயர்க்க வேண்டும். அப்படிச் செய்தும் சில பிழைப்பதில்லை.

பொள்ளாச்சியிலிருந்து: தோப்பில் உருண்டைக் கல் கிடைத்தது. டைனோசர் முட்டையா?

இல்லை. 2020இல் பெரம்பலூர்ப் பக்கம் முட்டை என்று ஊரே கூடிய உருண்டைகளும் முட்டையல்ல, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்த கல்லுருண்டைகள் என்றுதான் நிலவியலாளர்கள் சொன்னார்கள்.

பவானியிலிருந்து ஓர் அம்மா: எங்கள் வீட்டுப் பூஜை சாளக்கிராமம் புதைபடிவம் என்று பேரன் சொல்கிறான். மெய்தானா? துலக்கலாமா?

மெய்தான், அம்மா. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் வரும் ஜுராசிக் காலத்து அம்மோனைட். பால் அபிஷேகம் தவிர வேறு துலக்கல் வேண்டாம். பூஜையில் இருப்பதில் நான் ஊசி வைப்பதில்லை.

பல்லடத்திலிருந்து: பாறையில் இலை உருவம்...

சேலம். மேலே.

காங்கயத்திலிருந்து, மூன்றாம் முறை: அப்படியானால் உங்கள் வேட்டித்துணிப் பிசினை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை உங்கள் ஊர்ப்பக்கம் வருகிறேன். ஜாடியைக் கொண்டுவருகிறேன். உடைந்த கல் ஒன்றை எடுத்து வையுங்கள். சீட்டோடு.