டர்போ காரின் இன்டேக் குழாய்க்கு விலை குறைந்த ஹோஸ் கிளாம்ப் எதை வாங்கலாம்? எல்லா மூட்டுக்கும் டி-போல்ட் தேவையா?

கேள்வி கேட்ட கிருஷ்ணகிரி நண்பர், தமது டீசல் டர்போ காரில் பழைய ரப்பர் ஹோஸ்களைக் கழற்றிவிட்டுச் சிலிக்கான் ஹோஸ் போட்டிருப்பதாகவும், எட்டு மூட்டுகளுக்கும் டி-போல்ட் கிளாம்ப் (அகலப் பட்டையைப் போல்ட்டும் நட்டும் கொண்டு இறுக்கும் வகை) வாங்கினால் செலவு கூடுவதால் கடையில் கிடைக்கும் சாதாரண ஹோஸ் கிளிப்பே போதுமா என்றும் கேட்டிருக்கிறார். டர்போவிலிருந்து எஞ்சின் வரை, அழுத்தக் காற்று ஓடும் மூட்டுகளுக்கு மட்டும் டி-போல்ட் வாங்குங்கள். ஏர் ஃபில்டர் பக்கத்துக்கு நல்ல சாதாரண கிளிப் போதும். ஆனால் வகையைவிட அளவுதான் முக்கியம் என்பதை நான் தொப்பூர் ஏற்றத்தில் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், குடும்பத்தோடு சேலத்திலிருந்து தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கணவாயில் ஒரு சரக்கு லாரியைக் கடப்பதற்காக மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தபோது, பானட்டுக்குள் டயர் வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நொடியே வண்டியின் இழுவை போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கரும்புகை. ஓரங்கட்டிப் பார்த்ததில், டர்போவிலிருந்து, அழுத்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குள் போவதாகச் சென்சார் கணக்கிட்ட காற்று வழியிலேயே வெளியேறிவிட, அந்தக் கணக்குக்கு ஊற்றப்பட்ட டீசல் முழுதாக எரியாமல் புகையாகிவிட்டது. டீசல் வண்டியாதலால் எஞ்சின் நிற்கவில்லை. பெட்ரோல் டர்போவாக இருந்திருந்தால் அங்கேயே அணைந்திருக்கவும் கூடும்.

கிளாம்ப் உடையவில்லை, திருகும் தளரவில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. ஹோஸின் வெளிவிட்டம் 61 மி.மீ.; மெக்கானிக் மாட்டியிருந்ததோ 60 முதல் 80 மி.மீ. வரையிலான கிளிப். சிலிக்கான் சற்று நசுங்கியதுமே திருகு தன் எல்லையில் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் திருப்ப முடியாததை, இறுகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். பட்டையில் வெட்டியிருந்த துளைகள் வழியாகச் சிலிக்கான் பிதுங்கி, அச்சில் பிழிந்த ஓமப்பொடிபோலச் சிறு சிறு துண்டுகளாக அறுந்து ஒட்டியிருந்தது. போதாததற்கு, குழாயின் முனை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு.

இந்த மூட்டுகளின்மீது எவ்வளவு விசை விழுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஏன் இத்தனை கவனம் என்று விளங்கும். 51 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 20 சதுர செ.மீ. பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், 1.2 பார் என்றால் ஹோஸைக் குழாயிலிருந்து உருவ முயலும் விசை சுமார் 25 கிலோ எடைக்குச் சமம். 63 மி.மீ. குழாயில் அது 38 கிலோ ஆகிவிடும். அரை மூட்டை சிமென்டைவிடக் கூடுதலான பாரம், ஒவ்வொரு ஏற்றத்திலும் வந்து வந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே கடைக்குப் போகும் முன் வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். குழாய் அளவைச் சொல்லிக் கிளாம்ப் கேட்பதுதான் பலரும் செய்யும் தவறு. 51 மி.மீ. குழாயின்மேல் 5 மி.மீ. கனமுள்ள ஹோஸ் ஏறினால், இரு பக்கமும் சேர்த்து வெளிவிட்டம் 61 மி.மீ. ஆகிறது, அந்த எண், கிளாம்பில் குறித்திருக்கும் இரண்டு எண்களுக்கு நடுவே விழ வேண்டும். இதற்கு 57–65 மி.மீ. டி-போல்ட் பொருத்தம். 'பெரிசா வாங்கிக்குங்க சார், இறுக்கிக்கலாம்' என்று கடைக்காரர் தரும் 67–75 மி.மீ. கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் வட்டம் முட்டை வடிவமாகி, இரண்டு பக்கமும் இடைவெளி விட்டுவிடும்.

நம் ஊர்க் கடைகளில் எந்தக் கிளிப்பையும் ஜூப்ளி கிளிப் என்றே சொல்கிறார்கள். அது 1921-ல் லம்லி ராபின்சன் என்ற முன்னாள் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காப்புரிமை பெற்ற கிளிப்பின் பெயர். அந்த அசல் வடிவத்தில் திருகு பற்றும் மறை பட்டையில் அழுத்தப்பட்டிருக்குமே தவிர, துளையாக வெட்டப்பட்டிருக்காது. உட்புறம் வழவழப்பாக இருப்பதால் ஹோஸை அறுக்காது. துளை வெட்டிய மலிவுக் கிளிப்பைச் சிலிக்கானுக்குப் போடாதீர்கள். துளையில்லாத, 12 மி.மீ. அகலப் பட்டையுள்ள கிளிப்பைக் கேளுங்கள், 9 மி.மீ. பட்டை சிறிய ஹோஸ்களுக்கானது. கார் கடையில் இல்லையென்றால் லாரி, டிராக்டர் உதிரிபாகக் கடைகளில் விசாரியுங்கள். எனக்கு டி-போல்ட் அங்கேதான் கிடைத்தது, ஆன்லைனில் கண்ட விலையைவிடக் குறைவாகவே.

டி-போல்ட்டின் பட்டை பெரும்பாலும் 19 மி.மீ. அகலம் இருக்கும், உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு என்பதால் அதிர்வில் எளிதில் தளராது. வாங்கும்போது உள்நாக்கைக் கட்டாயம் பாருங்கள். பட்டையின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வெளியை அடியிலிருந்து மறைக்கும் தகடு அது. மட்டமான சரக்கில் அந்த நாக்கு குட்டையாக இருக்கும், ஓரம் சிம்பு சிம்பாக நிற்கும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

துருவைப் பொறுத்தவரை, காந்தம் வைத்துப் பார்ப்பது முழுச் சோதனை ஆகாது. 304 தர ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் அவ்வளவாக ஒட்டாது. 430 தரமோ ஸ்டெயின்லெஸ்தான் என்றாலும் நன்றாக ஒட்டும். டின் 3017 என்ற ஜெர்மன் தரத்தில் வரும் கிளிப்புகளில் டபிள்யூ 1 என்றால் முழுதும் துத்தநாகம் பூசிய இரும்பு, டபிள்யூ 2 என்றால் பட்டையும் திருகின் கூடும் ஸ்டெயின்லெஸ், திருகு மட்டும் துத்தநாகம் பூசிய இரும்பு, டபிள்யூ 4 என்றால் திருகு உட்பட எல்லாமே ஸ்டெயின்லெஸ். மழை குறைந்த நம் பக்கத்துக்கு டபிள்யூ 2 போதும் என்பது என் கருத்து. கூடுதல் பணத்தை டி-போல்ட்டுக்குச் செலவிடலாம்.

ஃபில்டர் பக்கம் மலிவு கிளிப் போதும் என்றேனே தவிர, அலட்சியம் செய்யலாம் என்று சொல்லவில்லை. அங்கே காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஹோஸ் கழலாது, ஆனால் கசிவு இருந்தால் கிரானைட் லாரிகள் கிளப்பும் தூசி ஃபில்டரைத் தாண்டி நேரே டர்போவின் விசிறியில் போய் மோதும். இன்னொன்று: பல புதிய டீசல் கார்களில் சில மூட்டுகள் கம்பிக் கொக்கியும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையமும் கொண்டவை. அவற்றில் கசிந்தால் ஓ-ரிங்கை மாற்றினால் போதும், கிளாம்புக்கே வேலையில்லை.

மாட்டும்போது குழாய் முனையையும் ஹோஸின் உட்புறத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். குழாயின் விளிம்பில் புடைத்திருக்கும் வரம்பைத் தாண்டி ஹோஸ் ஏற வேண்டும். கிளாம்ப் அந்த வரம்பின்மேல் உட்காராமல், அதற்கும் ஹோஸின் முனைக்கும் நடுவே அமைய வேண்டும். சாதாரண கிளிப்பை ஸ்குரூ டிரைவரால் முறுக்காமல் 7 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனரால் இறுக்கினால் மறை கெடாது. சிலிக்கான் சூட்டில் சற்றே அமுங்கிக் கொடுக்கும் என்பதால், முதல் ஓட்டத்துக்குப் பின் எஞ்சின் ஆறியதும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

அதற்கு முன், ஹோஸ் முடியும் இடத்தில் குழாயைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலுமலை ஏற்றம் வரை ஒருமுறை போய்வாருங்கள். கோட்டுக்கும் ஹோஸுக்கும் இடையே ஒரு மி.மீ. வெளி தெரிந்தாலும், கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள், அப்படியே ஓட்டாதீர்கள்.