நகையை அடகு வைத்து டீசல் வாங்கி வைக்கலாமா?

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குத் தினமும் 100 கிரேட் தக்காளி ஏற்றிச் செல்லும் லாரி வைத்திருக்கிறேன். போய்வர 20 லிட்டர் டீசல் ஆகிறது. தட்டுப்பாடு வரும், விலை ஏறும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவுகிறது. எங்கள் பங்க்கில் இரண்டு நாளாக 'ஸ்டாக் இல்லை' என்று பலகை தொங்குகிறது. பதுக்குகிறார்கள் என்றே சந்தேகப்படுகிறேன். மனைவியின் நகையை அடகு வைத்து ஐந்து பேரல், அதாவது 1,000 லிட்டர், வாங்கி வைக்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு 2,500 லிட்டர் வரை டீசலை உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ளப் பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது (பெட்ரோல் என்றால் 30 லிட்டர்தான்). ஆகவே தடையாக இருப்பது சட்டமல்ல, கணக்கு.

லிட்டர் 95 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,000 லிட்டருக்கு 95,000 ரூபாய் வேண்டும். அதைத் தீர்க்க உங்களுக்கு 50 நாள் ஆகும். நகைக்கடனுக்கு மாதம் 1 சதவீத வட்டி என்றாலும் அந்த 50 நாளுக்குச் சுமார் 1,580 ரூபாய் போகும். வாங்கிய மறுநாளே லிட்டருக்கு 3 ரூபாய் ஏறினால்கூட மிச்சம் 3,000 ரூபாய். வட்டி போக நாளொன்றுக்கு 28 ரூபாய்தான் நிற்கும். பேரல் விலை, தண்ணீர் கலப்பது, திருட்டு, வீட்டருகே தீப்பிடிக்கும் அபாயம் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. விலை ஏறாவிட்டால் வட்டி முழுவதும் நஷ்டம். இறங்கினால் அதற்கு மேலும் நஷ்டம். 2022 மே 22 அன்று டீசல் மீதான கலால் வரி லிட்டருக்கு 6 ரூபாய் குறைக்கப்பட்டது. முதல் நாள் டேங்கை நிரப்பி வைத்திருந்த பங்க் உரிமையாளர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் சந்தேகத்தை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை நான்கு மாதத்துக்கும் மேலாக அசையாதிருந்த விலை, 2022 மார்ச் 22 முதல் ஏறக்குறைய தினமும் ஏறியதைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் அந்த விலையைத் தீர்மானித்தவர் ஊர்ப் பங்க்காரர் அல்லர். பலகைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: பல நாளுக்கு வேண்டிய இருப்பை ஒரே நாளில் கூட்டம் காலி செய்துவிட்டால், அடுத்த டேங்கர் லோடு வரும்வரை எந்தப் பங்க்கும் வறண்டுதான் கிடக்கும். 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர் போராட்டத்தின்போது ஹைதராபாத்தில் பங்க்குகள் முன் நீண்ட வரிசை நின்றது. பேச்சுவார்த்தைக்குப் பின் ஓரிரு நாளில் நிலைமை சீரானது.

வண்டியின் டேங்க் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் இருப்பு தேவையில்லை. உங்கள் உண்மையான ஓட்டை வாடகையில் இருக்கிறது. 3 ரூபாய் ஏற்றம் என்பது உங்களுக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், கிரேட்டுக்கு 60 பைசா. ஆகவே மண்டிக்காரரிடம் பேசி, டீசல் விலை 2 ரூபாய் மாறும்போதெல்லாம் வாடகை கிரேட்டுக்கு 40 பைசா மாறும் என்று எழுதி வாங்குங்கள். இறங்கும்போது குறைக்கச் சொல்வார், தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். எந்த விலையிலிருந்து கணக்கு என்ற தகராறு பின்னால் வராமலிருக்க, அன்றைய டீசல் பில்லை அந்தக் காகிதத்துடனேயே இணைத்துவிடுங்கள்.