ஏன் அண்ணாந்து பார்த்தாள்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எட்டு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வார இறுதியில் ஒரு வாசிப்புக் குழு நடத்துகிறேன். எல்லோரும் தடங்கல் இல்லாமல் சத்தமாக வாசிக்கிறார்கள். முடித்ததும் "என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டால், பத்தியிலிருந்து ஒரு வரியை அப்படியே ஒப்பிக்கிறார்கள். கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடி, அந்த வரியை எழுதிவிட்டால் அவர்களுக்கு வேலை முடிந்தது.

ஆர்வம் வரட்டும் என்று வேற்று நாடுகளைப் பற்றிப் படிக்க வைத்தேன். வாரம் ஒரு நாடு. தலைநகரம், கொடி, நாணயம், உடை என்று ஒரு பக்கம். உற்சாகமாக மனப்பாடம் செய்தார்கள், ஆனால் புரிதலில் முன்னேற்றம் தெரியவில்லை. தெரியாத இடத்தைப் பற்றிப் படிப்பது இந்த வயதுக்குக் கூடுதல் சுமையோ என்று இப்போது சந்தேகம். பழகிய விஷயங்களுக்கே திரும்பிவிடலாமா? அயல்நாடுதான் என்றால் எப்படிச் செய்வது? இந்த வயதுக்கு ஏற்ற பாடங்கள் தமிழில் கிடைப்பதும் அரிதாக இருக்கிறது.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

திரும்பிவிடாதீர்கள். வேற்று நாட்டை எடுத்தது நல்ல முடிவு. வாரத்துக்கு ஒன்று என்று ஓடியதில்தான் சிக்கல். ஒரே நாட்டில் இரண்டு மாதம் தங்குங்கள்.

உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. தெரிந்த விஷயத்தைப் படித்தால் எளிதில் புரியும் என்பது ஆய்விலும் தெளிவாகத் தெரிந்த ஒன்று. 1988இல் அமெரிக்காவில் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் உரையைக் கொடுத்தார்கள். படித்ததை ஒரு சிறிய மாதிரி மைதானத்தில் மரப் பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும். பேஸ்பால் நன்றாகத் தெரிந்த, ஆனால் வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட மிக நன்றாகச் செய்தார்கள். அதாவது 'புரிந்து வாசித்தல்' என்று எந்த விஷயத்திலும் ஒரேபோல் செல்லுபடியாகும் திறமை தனியாக இல்லை. புரிதலில் பெரும்பங்கு, அந்த விஷயத்தைப் பற்றி நமக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதில் இருக்கிறது.

அப்படியானால் தெரிந்ததையே கொடுக்கலாமே என்று தோன்றும். அதில் ஒரு ஆபத்து. தன் வீட்டையும் தெருவையும் பற்றிய பத்தியைக் கொடுத்தால், பிள்ளை பத்தியைப் படிக்காமலே பதில் சொல்லிவிடும். விடை அதன் தலைக்குள் இருக்கிறது, தாளுக்குள் தேட வேண்டிய அவசியமே இல்லை. நாமும் புரிந்துவிட்டது என்று நம்பிவிடுவோம்.

1979இல் வெளியான இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். இந்தியர்கள் சிலரிடமும் அமெரிக்கர்கள் சிலரிடமும் இரண்டு கடிதங்களைக் கொடுத்தார்கள். ஒன்று இந்தியத் திருமணத்தைப் பற்றியது, மற்றது அமெரிக்கத் திருமணத்தைப் பற்றியது. இரு தரப்பினரும் தங்கள் நாட்டுத் திருமணத்தைப் பற்றிய கடிதத்தை வேகமாகப் படித்தார்கள், அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். மற்ற நாட்டுத் திருமணத்தைப் படித்தபோது நடந்ததுதான் கவனிக்க வேண்டியது: புரியாத இடங்களைத் தங்கள் நாட்டு வழக்கத்தைக் கொண்டு நிரப்பிக்கொண்டார்கள். அப்படி நிரப்புகிறோம் என்ற உணர்வு வாசிப்பவருக்கு இருப்பதில்லை. கடிதத்தில் இல்லாததை இருந்ததாகவே நினைவு வைத்துக்கொள்கிறார். இத்தனைக்கும் படித்தவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள்!

நம் பிள்ளைகளும் ஒவ்வொரு பத்தியிலும் இதையேதான் செய்கிறார்கள். எங்கே தான் ஊகித்து நிரப்பினோம், எங்கே உரை உண்மையில் சொன்னது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் வாசிப்பைக் கற்றுக்கொடுப்பது. அந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், நிரப்பியது பொருந்தாமல் போகும் இடம் ஒன்று வேண்டும். வேற்று நாடு அந்த இடத்தைத் தருகிறது.

நான் உடனிருந்து பார்த்த ஒரு குழுவில் நெதர்லாந்தை எடுத்திருந்தார்கள். முதல் நாள் பிள்ளைகளுக்குக் கொடுத்தது இரண்டே வரி: "கால்வாயில் ஒரு படகு போயிற்று. வீட்டு வாசலில் நின்ற சிறுமி அதை அண்ணாந்து பார்த்தாள்." வழக்கமான கேள்வி என்றால் 'சிறுமி என்ன செய்தாள்?' என்று இருக்கும். 'அண்ணாந்து பார்த்தாள்' என்று எழுதினால் முழு மதிப்பெண். ஆசிரியை கேட்டது, "ஏன் அண்ணாந்து?"

"படகு ரொம்பப் பெரிசு" என்றது ஒரு குழந்தை. "அவ சின்னப் பொண்ணு" என்றது இன்னொன்று. ஒரு பையன் மட்டும் வரியைத் திரும்பப் படித்துவிட்டு, சந்தேகத்தோடு, "கால்வாய் மேல இருக்கா?" என்று கேட்டான். உடனே மற்றவர்கள் மறுத்தார்கள். தண்ணீர் பள்ளத்தில்தானே இருக்கும்! ஆசிரியை ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. தாளைக் கொடுத்து வரையச் சொன்னார். படகு பெரிது என்று சொன்ன குழந்தை, வீட்டுக்கு நேராகக் கால்வாயை வரைந்து, படகை வானளவுக்கு வரைந்தது. பிறகு தானே பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய படகு இந்தக் கால்வாய்ல போகாதே" என்று அழித்தது. எனக்கு அந்தப் பாடத்தில் பிடித்த இடம் அதுதான். யாரும் 'தப்பு' என்று சொல்லவில்லை. தான் நிரப்பியது பொருந்தவில்லை என்று அதுவே கண்டுகொண்டது.

அதன் பிறகு கொடுத்த பத்தி அந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தது. நெதர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ கால்பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஏரிகளையும் சதுப்புகளையும் சுற்றிக் கரை கட்டி, உள்ளே இருக்கும் நீரை வெளியே இறைத்து நிலமாக்கியிருக்கிறார்கள். முன்பு காற்றாலைகளால் இறைத்தார்கள், பின்னர் நீராவி எந்திரங்களால். அப்படி எடுத்த நிலத்துக்குப் போல்டர் என்று பெயர். இறைத்த நீர் ஓடும் கால்வாய் உயரத்தில், கரைகளுக்கு நடுவே போகும். வீடுகள் பள்ளத்தில் இருக்கும். பத்தியை வாசித்த பிள்ளைகள் தங்கள் படத்தைத் தாங்களே திருத்தினார்கள்.

ஒரே நாட்டில் தங்குவதன் பயன் அடுத்தடுத்த வாரங்களில்தான் தெரியும். ஹார்லெமர்மீர் என்ற பெரிய ஏரியை 1852இல் வற்றவைத்து முடித்தார்கள் என்று ஒரு வாரம் படிக்கிறார்கள். ஸ்கிபோல் விமான நிலையம் அந்த ஏரி இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்று இன்னொரு வாரம் வருகிறது. 'அப்படியென்றால் விமானம் கடல்மட்டத்துக்குக் கீழேயா இறங்குகிறது?' என்று கேட்கத் தோன்றினால் போதும், வாசிப்பு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வாக்கியமே இல்லை, இரண்டு பக்கங்களை இணைத்துப் பிள்ளைகளே எடுத்தது. (ஆம், ஏறத்தாழ மூன்று மீட்டர் கீழே.) வாரம் ஒரு நாடு என்று ஓடினால் இந்த இணைப்புக்கு வழியே இல்லை. ஒவ்வொரு வாரமும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறீர்கள். தலைநகரமும் கொடியும் ஒன்றோடொன்று ஒட்டாத தகவல்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றை ஊகிக்க முடியாது, மனப்பாடம் மட்டுமே செய்ய முடியும். பிள்ளைகள் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆகவே நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது இது: அங்கே ஒரு காரணத்திலிருந்து பல விஷயங்கள் கிளைக்கின்றனவா? நெதர்லாந்தில் நீர். ஐஸ்லாந்தில் எரிமலையும் வெந்நீர் ஊற்றும். மங்கோலியாவில் மேய்ச்சலும் கடுங்குளிரும். வீடு ஏன் இப்படி, வேலை ஏன் இப்படி, சட்டம் ஏன் இப்படி என்று எதைத் தொட்டாலும் அந்த வேருக்கே திரும்ப வர வேண்டும்.

ஐந்தாறு வாரம் போனபின், பிள்ளைகள் நம்பியதை அசைக்கும் உரைகளைக் கொடுங்கள். கடல்நீரைத் தடுக்கக் கட்டிய கரையில் கசிவைக் கண்டு, இரவெல்லாம் விரலால் அடைத்து ஊரைக் காப்பாற்றிய சிறுவனின் கதை உலகம் முழுக்கப் பிரபலம். 1865இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறுவர் நாவல் வழியாகப் பரவியது அது. முதல் வாரத்தில் கொடுத்திருந்தால் பிள்ளைகள் நெகிழ்ந்துபோவார்கள், அவ்வளவுதான். கரை என்பது எவ்வளவு அகலமான மண்மேடு என்று தெரிந்தபின் கொடுத்தால், ஒரு குழந்தையாவது 'விரல் எப்படிப் போதும்?' என்று கேட்கும். அப்போது 1953 வெள்ளத்தைப் பற்றிய பத்தியை எடுங்கள். ஜனவரி 31 இரவு தொடங்கிய புயலில் நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். பல இடங்களில் அலை கரையைத் தாண்டி வழிந்து, உட்புறச் சரிவை அரித்து, கரை பின்பக்கத்திலிருந்து சரிந்தது. சாவுகளைப் பற்றி எட்டு வயதுக்கு எவ்வளவு சொல்வது என்பதை உங்கள் பிள்ளைகளைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கதையையும் நிகழ்வையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பதை விட்டுவிடாதீர்கள்.

கடைசியில் ஆறுகளைப் பற்றி ஒரு பக்கம். 1995இல் ஆற்றுவெள்ள அபாயத்தால் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. அதற்குப் பின் சில இடங்களில் கரைகளைப் பின்னுக்குத் தள்ளி, ஆறு விரிய இடம் விட்டார்கள். நூற்றாண்டுகளாக நீரை வெளியே தள்ளியவர்கள் ஏன் உள்ளே விடுகிறார்கள்? இதற்குப் பத்தியில் தேடி எழுதும் ஒருவரி விடை கிடையாது. இரண்டு மாதம் படித்த எல்லாமும் வேண்டியிருக்கும்.

பாடங்கள் கிடைக்கவில்லை என்கிறீர்கள். நீங்களே எழுதுங்கள். பத்து வரி போதும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். எளிமையாக்குகிறோம் என்று நீண்ட வாக்கியங்களை வெட்டும்போது 'ஆகவே', 'இருந்தாலும்', 'ஏனென்றால்' போன்ற சொற்கள்தான் முதலில் பலியாகின்றன. "நிலம் தாழ்ந்திருந்தது. காற்றாலை கட்டினார்கள்." வாக்கியங்கள் சிறியவை, ஆனால் இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். "நிலம் தாழ்ந்திருந்ததால் மழைநீர் தானாக வடியவில்லை. ஆகவே அதை மேலே இறைக்கக் காற்றாலை கட்டினார்கள்" என்பது நீளமானது, எளிதானதும் அதுதான். பிள்ளை ஊகிக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் மட்டும் இணைப்பை விட்டுவையுங்கள், அண்ணாந்து பார்த்த அந்த வரியைப் போல. மற்ற இடங்களில் முழுக்கச் சொல்லுங்கள்.

கேள்விகளையும் நீங்களே எல்லாம் தயாரிக்க வேண்டாம். அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது, இந்த நான்கையும் பிள்ளைகள் முறைவைத்து, ஆசிரியர் இடத்தில் இருந்து செய்யும் முறை 1984 முதலே புழக்கத்தில் இருக்கிறது. பலன் தருவது. முதல் இரண்டு வாரம் நீங்கள் செய்து காட்டிவிட்டு, பிறகு அவர்களிடம் விடுங்கள்.

எந்த நாட்டை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். முதல் பத்தியை எழுதியதும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.