18 டாலர் குவளை

அன்புள்ள அக்கா,

மிச்சிகனில் இருக்கிறேன். ஆறு ஆண்டுகளாகச் சக்கரத்தில் மண் வனைகிறேன். போன மாதம் பக்கத்து ஊரில் நடந்த கோடைக் கலைத் திருவிழாவில் முதன்முறையாகக் கடை போட்டேன். காபிக் குவளைக்கு 32 டாலர் என்று எழுதி வைத்திருந்தேன். முதல் நாள் மதியம் வரை போணியே ஆகவில்லை. "கடையில் ஐந்து டாலருக்குக் கிடைக்கிறதே" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனதும் மனம் தளர்ந்து 18 என்று மாற்றி எழுதினேன். இரண்டு நாளில் 41 குவளைகள் விற்றுவிட்டன. ஆனால் வீட்டுக்கு வந்து காலிப் பெட்டிகளைப் பார்த்தபோது அழுகைதான் வந்தது. இடத்துக்கு 350 டாலர், விண்ணப்பத்துக்கு 35 டாலர் கட்டியிருந்தேன். விலையைக் குறைத்தது தவறா? ஆன் ஆர்பர் நகரில் நடப்பது போன்ற பெரிய கலைத் திருவிழாவுக்கு என்னைப் போன்றவர்கள் விண்ணப்பிக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தவறுதான். மதியம் வரை போணி ஆகாமல் வெயிலில் நிற்பவருக்கு வருகிற கலக்கம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். 11 கோடைகள் நானும் மட்பாண்டங்களோடு அப்படி நின்றிருக்கிறேன். ஆனாலும் தவறுதான்.

கணக்கைப் பாருங்கள். 41 குவளைக்கு 738 டாலர். உங்கள் விலையில் மிச்சிகனின் 6 சதவீத விற்பனை வரியும் அடக்கம் என்றால் அதில் 42 டாலர் அரசுக்குப் போகும். இடத்தின் வாடகையையும் விண்ணப்பக் கட்டணத்தையும் கழித்தால் மிஞ்சுவது 311. அதாவது குவளைக்கு ஏழரை டாலர். மண், மெருகுப் பூச்சு, மின்சூளையின் மின்கட்டணம், பெட்ரோல் எல்லாம் அதற்குள்தான். 32 டாலருக்கு 23 குவளைகள் மட்டும் விற்றிருந்தால் 736 டாலர் வந்திருக்கும். ஏறக்குறைய அதே பணம். 18 குவளைகள் அடுத்த திருவிழாவுக்கு மிச்சம் இருந்திருக்கும். அந்தப் பதினெட்டையும் நீங்கள் வனைந்து, மறுநாள் அடியைச் சீவி, கைப்பிடி ஒட்டி, ஒட்டிய இடம் வெடிக்காமல் இருக்க மூடிவைத்து மெல்லக் காயவிட்டு, ஏறத்தாழ 1,000 டிகிரியில் ஒருமுறையும் மெருகு பூசி 1,220 டிகிரியில் மறுமுறையும் சுட்டிருக்கிறீர்கள். அழுகை வராமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் விலையைக் குறைத்தபோது நான்கு கூடாரம் தள்ளி நின்ற குயவருக்கும் சேர்த்துத்தான் குறைத்தீர்கள். உங்களிடம் 18 என்று பார்த்தவர் அவரிடம் போய் 34 ஏன் என்று கேட்டிருப்பார். இதை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்.

ஐந்து டாலர் குவளையைச் சொன்னவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. அவரைப் போக விடுங்கள். தரமான திருவிழாக்களில் செய்தவரே கடையில் நிற்க வேண்டும், ஆலைச் சரக்கை வாங்கி விற்கக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். செய்த கையைப் பார்த்து வாங்கத்தான் மக்கள் வெயிலில் நடந்து வருகிறார்கள். எனக்கு மறக்காத ஒரு காட்சி. வயதான பெண்மணி ஒருவர் என் குவளையை எடுத்தார். விலை அட்டையைப் பார்க்கவில்லை. இரண்டு விரலைக் கைப்பிடிக்குள் நுழைத்தார். கட்டைவிரல் தானாகப் போய், நான் கைப்பிடியை அழுத்தி ஒட்டிய பள்ளத்தில் உட்கார்ந்தது. "இது உங்கள் விரலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுப் பணப்பையைத் திறந்தார். ஐந்து டாலர் பேச்சே அங்கே எழவில்லை.

அதனால், பொருளை மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டுப் பின்னால் நாற்காலியில் உட்காராதீர்கள். நின்றுகொள்ளுங்கள், கையில் எடுத்துக் கொடுங்கள். நம் ஊரில் பானையை விரல் கணுவால் தட்டிப் பார்த்துத்தானே வாங்குவோம்? அதையும் செய்து காட்டுங்கள். விரிசல் இல்லாத குவளை கணீரென்று ஒலிக்கும். அந்த ஓசைக்கே இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சிறிய தொகையோடு வருபவர்களும் உண்டு. அவர்களுக்காகச் சின்னக் கிண்ணம், உப்புக் குடுவை என்று 12, 15 டாலரில் வேறு பொருள் செய்து வையுங்கள். குவளையின் விலையைத் தொடாதீர்கள்.

ஆன் ஆர்பருக்குத் தாராளமாக விண்ணப்பியுங்கள். 1960இல் சவுத் யூனிவர்சிட்டி தெருக் கடைக்காரர்கள் தங்கள் கோடைத் தள்ளுபடி விற்பனைக்குத் துணையாகத் தொடங்கி வைத்தது அந்தத் திருவிழா. இன்று ஜூலையில் அங்கே கூட்டம் வருவது கலைஞர்களைத் தேடித்தான். ஒரே நாட்களில் ஒன்றுக்கு மேற்பட்ட திருவிழாக்கள் அங்கே சேர்ந்து நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம். தேர்வுக் குழுவினர் பார்ப்பது நீங்கள் அனுப்பும் சில படங்களை மட்டுமே, அதுவும் பெயர் தெரியாமல். கடையின் படத்தில் உங்கள் பெயர்ப்பலகை இருக்கக்கூடாது. படங்கள் எல்லாம் ஒரே கை செய்தவை என்று தெரிய வேண்டும். ஒன்றில் நீலக் குவளை, ஒன்றில் பொம்மை, ஒன்றில் மணிமாலை என்று அனுப்பினால் தள்ளிவிடுவார்கள். முதல் ஆண்டு இடம் கிடைக்காவிட்டால் மறுபடி அனுப்புங்கள். எனக்கு ஒரு திருவிழாவில் மூன்றாவது முறைதான் கிடைத்தது.

நீங்கள் கேட்காத ஒன்று: காற்று. மிச்சிகன் ஜூலையில் மாலைப் புயல் நொடியில் வரும். தார்ச்சாலையில் முளை அடிக்க முடியாது. கூடாரத்தின் நான்கு கால்களிலும் காலுக்கு 18 கிலோவாவது கட்ட வேண்டும். என் இரண்டாவது கோடையில் தண்ணீர்க் கேன்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தேன். காற்று தூக்கியபோது கேன்கள் ஊசலாடி என் அலமாரியையே அடித்தன. 26 உருப்படிகள் போயின. பிளாஸ்டிக் குழாயில் சிமெண்ட் நிரப்பிக் காலோடு இறுக்கிக் கட்டுபவர்கள் உண்டு. இப்போது நானும் அதைத்தான் செய்கிறேன். வெள்ளைக் கூடாரமே வாங்குங்கள். நீலக் கூரைக்குக் கீழே உங்கள் மெருகின் நிறமே மாறித் தெரியும்.

அடுத்த கடைக்கு 32 என்று எழுதிய அந்தப் பழைய அட்டை இருக்கிறதா? அதையே மாட்டுங்கள்.